எய்தவனை விட்டு அம்பைப் பிடிப்பதா?

கார் விவகாரம் என்றதும், “உழைப்பாளர் பத்திரிகையில் இதற்கென்ன வேலை?” என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் கார் என்பது மில் முதலாளியின் பங்களா வாசலில் நின்றது. பண்ணையார் அறுவடையை மேற்பார்க்க அதில் ஏறிக் களத்துமேடு வரை வந்தார். அது கிளப்பிய புழுதியைத் தின்றதுதான் நமக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம்.

இன்று மந்தாரக்குப்பத்திலும், வடலூர் நாற்சந்தியிலும், நெய்வேலி ஆர்ச் கேட் பக்கத்திலும் வாடகைக் காரை நிறுத்திக்கொண்டு சவாரிக்குக் காத்திருப்பவர்கள் யார்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா? சுரங்கத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் மக்கள். காண்ட்ராக்ட் வேலை பறிபோனவர்கள். பஞ்சாலை மூடியபின் ஊர் திரும்பியவர்கள். மனைவியின் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து முன்பணம் கட்டி, மிச்சத்துக்குப் பைனான்ஸ் கம்பெனியிடம் அறுபது மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வாங்கிய கார் அது. அவர்களுக்கு அது சொகுசு அல்ல, ஏர். அதில் ஒரு கோணல் விழுந்தால் அன்றைக்கே வீட்டு அடுப்பில் பூனை படுத்துவிடும்.

வாங்குகிற அன்று ஷோரூமில் நடக்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! காருக்குச் சிவப்புப் பட்டு போர்த்தி வைத்திருப்பார்கள். குடும்பத்தோடு நிறுத்திப் படம் பிடிப்பார்கள். ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவியைக் கையில் கொடுப்பார்கள். இனிப்புப் பெட்டி உண்டு. “சார்”, “மேடம்” என்ற வார்த்தைகள் மழையாகப் பொழியும். எல்லாம் பணம் கைமாறும் வரையில்! அதன் பிறகு அதே வாசலில் போய் நின்று பாருங்கள், “யாருய்யா நீ?” என்பார்கள்.

அப்படிக் கேட்கப்பட்ட ஒரு தோழரின் விஷயத்தைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. கார் பழுதான கதை என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறுப்பு என்பது மேலேயிருந்து கீழே எப்படி உருண்டு வந்து ஏழையின் தலையில் விழுகிறது என்கிற கதை இது.

முதல் சர்வீஸ்

அந்தத் தோழர் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் காண்ட்ராக்ட் தொழிலாளியாக வேலை பார்த்தவர். அவருடைய தகப்பனாரின் நிலம் இரண்டாவது சுரங்கத்துக்குப் போனது. முழங்கால் போய்விட்டபின் சுரங்க வேலை முடியாமல் போயிற்று. கடன் வாங்கிச் சின்னக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்ட எடுத்தார். புதுச்சேரி ஜிப்மருக்கு நோயாளிகளைக் கொண்டுபோவதும், கடலூர் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போகிறவர்களைக் கொண்டுபோவதும் அவர் பிழைப்பு.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முதல் சர்வீசுக்கு வண்டியை டீலரிடம் விட்டார். டீலர் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் வழக்காகியிருக்கிறது, அங்கே பேச வேண்டியதை அங்கே பேசிக்கொள்வோம். காலையில் விட்டால் மாலையில் தருவோம் என்றார்கள். மாலையில் போனால், “தண்ணீர் அடிக்கிறார்கள், நாளைக்கு வா” என்றார்கள். மறுநாள் போனால், “ஆள் வரவில்லை” என்றார்கள். நாலாம் நாள்தான் சாவி கைக்கு வந்தது. வண்டி பளபளவென்று இருந்தது. ஆனால் முன் பம்பரின் நிறம் மற்ற இடத்து நிறத்தோடு ஒட்டவில்லை. பானெட்டின் ஒரு பக்கத்து இடுக்கில் சுண்டுவிரல் நுழைந்தது. இடப் பக்கத்து முகப்பு விளக்கு மட்டும் புதுக் கண்ணாடியாக மின்னியது. வீட்டு வாசலில் நிறுத்திய ஒரு மணி நேரத்தில் ரேடியேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்!

தோழர் ஏமாந்த சோணகிரி அல்ல. சுரங்கத்து இயந்திரங்களின் ஓட்டத்தை ஷிப்டுக்கு ஷிப்டு குறித்துக் கொடுத்துப் பழகிய கை. வண்டியை விடும்போதே மீட்டரில் இருந்த எண்ணை ஜாப் கார்டில் எழுத வைத்திருந்தார். திரும்பி வந்தபோது 43 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. சர்வீஸ் செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம்தான். அதற்கு மூன்று கிலோமீட்டர் போதும், நாலு கிலோமீட்டர் போதும். நாற்பத்து மூன்றா?

மானேஜரின் பதில் நாளுக்கு ஒன்றாக மாறியது. முதல் நாள், “நீ கொண்டுவரும்போதே இப்படித்தான் இருந்தது” என்றார். ஜாப் கார்டில் ஒரு கார் படம் அச்சிட்டிருக்கும். வண்டி வரும்போது எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று அதில் குறிக்க வேண்டும். அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை நீட்டியதும், “சின்ன உரசல், நாங்களே சரிசெய்து கொடுத்துவிட்டோமே, இது இலவச சர்வீஸ்தானே” என்றார். இலவசமாம்! காரின் விலையில் சேர்த்து வாங்கிக்கொண்ட சர்வீசுக்கு இலவசம் என்று பெயர்!

மூன்றாம் நாள் சொன்ன யோசனைதான் பிரமாதம். “உன் இன்ஷூரன்சிலேயே போட்டுக்கொள்வோம், ஒரு கையெழுத்து போதும்.” அதாவது, உடைத்தது அவர்கள். ஆனால், “நான்தான் இடித்தேன்” என்று எங்கள் தோழர் பொய் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கட்டிய பிரீமியத்திலிருந்து இவர்களுடைய ஒர்க்ஷாப்புக்கே பில் தொகை வரும். விபத்தில்லாத வருஷத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி அவருக்குப் போய்விடும். திருடன் வீட்டுக்காரனிடமே வண்டிச் சத்தமும் கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

பையன் தலையில்

சங்கத்துத் தோழர்கள் நாலு பேர் கூடப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒர்க்ஷாப்பில் வேலை பழகுகிற ஒரு பையன் வண்டியை வெளியே ஓட்டிப் போயிருக்கிறான். திரும்பி வரும்போது கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்னால் இடித்துவிட்டான். மானேஜர் உடனே தாராளமாகப் பேச ஆரம்பித்தார்: “அவன் சம்பளத்தில் பிடித்து உனக்குக் கொடுத்துவிடுகிறேன். அவனை வேலையை விட்டும் அனுப்பிவிட்டேன். திருப்திதானே?”

பையனைத் தேடிக் கண்டுபிடித்தோம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம். தாயும் தகப்பனும் நாற்று நடவுக்கும் முந்திரிக் கொட்டை உடைக்கவும் போகிறவர்கள். ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். “டிரெயினி” என்று பெயர் வைத்து, கொத்தனாருக்குச் சித்தாள் வாங்குகிற கூலியைவிடக் குறைவாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அவன் சொன்னான்: “நான் ஊர் சுத்தப் போகலண்ணே. வேற வண்டிக்கு ஸ்பேர் வேணும், அடுத்த ஊரு கிளையிலேர்ந்து சீக்கிரமா எடுத்தாந்துடுன்னு சூப்பர்வைசர்தான் சொன்னாரு. கம்பெனி பைக்கு ரிப்பேரு. கையில எந்த வண்டி சாவி இருக்குதோ அத எடுத்துக்கிட்டுப் போடான்னாரு.”

இதைக் கேட்ட எங்கள் தோழர் மானேஜரிடம் திரும்பிப் போய், “அந்தப் புள்ளையோட சம்பளத்துல என் கார் ஓட வேணாம்” என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் நமக்குள்ளேயே விவாதம் வந்தது. சங்க அலுவலகத்தில் சில தோழர்கள், “பையன் ஓட்டினான், பையன் இடித்தான், அவன் கொடுப்பதுதானே முறை? நஷ்டப்பட்டவனும் ஏழைதானே?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. நல்ல தோழர்கள் கேட்டது. ஆனால் இதுதான் முதலாளி நம்மிடம் எதிர்பார்க்கிற கேள்வியும்கூட. தவணை கட்ட முடியாத ஒரு தொழிலாளியையும் கூலி பற்றாத இன்னொரு தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, வண்டியை வைத்துத் தன் காரியத்தைச் செய்துகொண்டவன் நடுவில் மத்தியஸ்தராக உட்கார்ந்திருக்கிறான்!

எண்ணிப் பாருங்கள். அந்த 43 கிலோமீட்டர் யாருக்காக ஓடியது? டீலரின் வியாபாரத்துக்காக. உதிரிப்பாகம் வந்ததால் வந்த லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று? டீலரின் பெட்டிக்கு. ஒரு வண்டி வாங்கி ஓட வேண்டிய இடத்தில், அடுத்தவன் புது வண்டியை ஓட்டிச் செலவை மிச்சம் பிடித்தது யார்? லாபம் அவனுக்கு, நஷ்டம் பையனுக்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் பையன் பக்கம்தான் இருக்கிறது. சேதத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், சேதம் நேரடியாக அவன் அசிரத்தையால் வந்ததாக இருக்க வேண்டும். அவனிடம் விளக்கம் கேட்க வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதைச் சொன்னது. 2019இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. மானேஜர் நினைத்தபடி சம்பளக் கவரிலிருந்து உருவிக்கொள்ள அது அவருடைய சட்டைப் பை அல்ல.

கார்க்காரர் பக்கத்துச் சட்டமோ இன்னும் பழையது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளை ஒப்புக்கொண்டு வாங்கி வைத்தவன், நிதானமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பானோ அப்படிப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! அதைக்கூட மதிக்கிற புத்தி இல்லை. “உரிமையாளரின் பொறுப்பில் விடப்படுகிறது” என்று ஜாப் கார்டின் பின்புறம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் மிரட்டினார்கள்.

இந்த எறும்பு எழுத்துக்குச் சுப்ரீம் கோர்ட்டே பதில் சொல்லியிருக்கிறது. 1998இல் டில்லி தாஜ்மகால் ஓட்டலுக்குப் போன ஒருவர், வாசலில் இருந்த ஓட்டல் சிப்பந்தியிடம் காரையும் சாவியையும் கொடுத்தார். கார் திருட்டுப் போயிற்று. ஓட்டல் கொடுத்த சீட்டில் “உங்கள் பொறுப்பு” என்று அச்சிட்டிருந்தது. 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் சிப்பந்தியின் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு சீட்டை அச்சடித்து ஓட்டல் உதறிவிட முடியாது. அந்த வழக்கில் ஈடு செய்ய வேண்டியவர் ஓட்டல் முதலாளி. சாவி வாங்கிய சிப்பந்தி அல்ல. நம் பையன் விஷயமும் இதுதானே?

மேலே இருப்பவன் எங்கே?

டீலரோடு விஷயம் நிற்கவில்லை. காரைத் தயாரித்த கம்பெனிக்கும் தோழர் பதிவுத் தபாலில் எழுதினார். பெரிய கம்பெனி; பதில் மரியாதையாகத்தான் வந்தது. “டீலர் ஒரு தனி வியாபாரி. அவர் எங்கள் ஏஜெண்டு அல்ல. தங்கள் குறையை அவரிடமே தெரிவித்துக்கொள்ளவும்.”

ஷோரூமின் பெயர்ப்பலகையில் எவன் பெயர் இருக்கிறது? கம்பெனியின் பெயர். சுவருக்கு என்ன வர்ணம், சிப்பந்திக்கு என்ன சட்டை என்று கட்டளையிடுவது கம்பெனி. மாதம் இத்தனை வண்டி தள்ள வேண்டும் என்று கழுத்தைப் பிடிப்பதும் கம்பெனி. விற்கிற வரையில் ஒரே குடும்பம். இடித்துக்கொண்டு வந்தால் வேற்றுக் குடித்தனம்!

இந்த வாதத்துக்கு நீதிமன்றத்திலும் இடம் கிடைத்திருக்கிறது என்பதுதான் வேதனை. கோவாவில் ஒருவர் 2011இல் விஸ்டார் கோவா என்கிற டீலரிடம் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியின் கார் வாங்கினார். அந்த வருஷத்துத் தயாரிப்பு என்று பணம் கட்டினார். கிடைத்ததோ 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 622 கிலோமீட்டர் ஓடிய வண்டி. அடியில் துரு, சக்கர விளிம்பில் கீறல். மாவட்ட மன்றம், மாநிலக் கமிஷன், தேசியக் கமிஷன் என மூன்று படியிலும் அவர் ஜெயித்தார். டீலரும் கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பு என்று மூன்றும் சொல்லின. டாட்டா மோட்டார்ஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 பிப்ரவரி 18ஆம் தேதி தீர்ப்பு: கம்பெனிக்கும் டீலருக்கும் உள்ள ஒப்பந்தம் முதலாளிக்கு முதலாளி செய்துகொண்ட ஒப்பந்தம்; டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை; எனவே கம்பெனி பொறுப்பல்ல, டீலரே பொறுப்பு.

கோர்ட்டு தன் முன் வைக்கப்பட்ட காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பிலேயே பழுது என்றால் கம்பெனி தப்ப முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒப்பந்தக் காகிதத்தை எழுதியது யார்? வாங்கினவரா எழுதினார்? கோவாக்காரர் அதைக் கண்ணாலாவது பார்த்திருப்பாரா? இரண்டு முதலாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட காகிதம், மூன்றாவது மனிதனின் உரிமையைப் பாதியாக வெட்டிவிட்டது.

நெய்வேலித் தொழிலாளிக்கு இந்த நாடகம் புதிதல்லவே! 1956இல் ஸ்தாபிக்கப்பட்டு, 2016இல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறிய நமது நிறுவனத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி எத்தனை வருஷமாக இதே பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்? மண் நிறுவனத்தின் மண். நிலக்கரி நிறுவனத்தின் நிலக்கரி. கேட்டில் காட்டுகிற பாஸ் நிறுவனத்தின் பாஸ். ஆனால் நிரந்தரம் என்று கேட்டால், போனஸ் என்று கேட்டால், “நீ எங்கள் ஆள் அல்ல, காண்ட்ராக்டரிடம் கேள்!” 2020 ஜூலை 1ஆம் தேதி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததே, அன்றே ஆறு பேர் மாண்டார்களே, ஆஸ்பத்திரியில் இன்னும் பலர் ஒவ்வொருவராகச் செத்தார்களே. அந்த நெருப்பு, இவன் நிரந்தரம், இவன் காண்ட்ராக்ட் என்று பார்த்தா சுட்டது?

கார்க் கம்பெனி சொல்கிற “தனி வியாபாரி”யும், பெரிய நிர்வாகங்கள் சொல்கிற “காண்ட்ராக்டர் ஆள்”தானும் ஒரே மரத்துக் காய். ஒரு வித்தியாசம் உண்டு. 1970ஆம் ஆண்டின் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடினால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைத்தது. அதுவும் சும்மா வரவில்லை. தேசம் பூராவும் தொழிலாளர் இயக்கம் கத்திக் கத்தி வந்தது. 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்தில் அதைக் கரைத்தபோதுகூட, கூலிக்கு முதன்மை முதலாளி பொறுப்பு என்கிற விதியை எடுக்கத் துணியவில்லை. கூலிக்கு உள்ள இந்த விதி, கார் வாங்கிய ஏழைக்கு ஏன் இருக்கக் கூடாது? டீலர் கொடுக்க மறுத்தால், தன் பெயர்ப்பலகையை அங்கே மாட்டியிருக்கிற கம்பெனி கொடுக்கட்டும். பிறகு டீலரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். வாங்கினவன் எதற்காக இரண்டு வாசலுக்கும் அலைய வேண்டும்? சட்டத்தை இப்படித் திருத்த வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில் இதைப் போன்ற ஒரு காரியம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்தது. நியூயார்க் மாகாணத்தில் கல்லறைக் கல் தொழில் செய்துவந்த மக்பெர்சன் என்பவர் ப்யூக் கம்பெனியின் காரை ஒரு டீலரிடம் வாங்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போது மரச் சக்கரத்தின் ஆரங்கள் நொறுங்கின, தூக்கியெறியப்பட்டுக் காயமடைந்தார். ப்யூக் கம்பெனி சொன்னது: “நாங்கள் உனக்கு விற்கவில்லை, டீலருக்குத்தான் விற்றோம். சக்கரத்தையும் நாங்கள் செய்யவில்லை, வேறு கம்பெனியிடம் வாங்கினோம்.” கேட்டீர்களா, ராகம் அதே ராகம்! 1916இல் நீதிபதி கார்டோசோ இதை ஏற்க மறுத்தார். டீலர் காரை வைத்துக்கொள்வதற்காக வாங்கவில்லை, விற்பதற்காகவே வாங்கினான் என்பது கம்பெனிக்குத் தெரியும். அசட்டையாகச் செய்தால் ஓட்டுகிறவனுக்கு ஆபத்து என்பதும் தெரியும். எனவே கம்பெனி பொறுப்பு என்றார். அது பழுதான சக்கரத்து வழக்கு, நம்முடையது டீலர் இடித்த வழக்கு; வித்தியாசம் இருக்கிறது. ஆனால், “எனக்கும் உனக்கும் ஒப்பந்தமில்லை” என்கிற கதவு அன்றைக்கே உடைந்துவிட்டது.

கையில் உள்ள ஆயுதம்

கோர்ட்டையே நம்பிக் கிடப்பவர்கள் அல்ல நாம். பணக்காரனே அங்கே இளைத்துப் போகிறான். ஜி.வி.ஆர். இந்தியா புராஜெக்ட்ஸ் என்ற கம்பெனி 2009 செப்டம்பரில் பி.எம்.டபிள்யூ. கார் வாங்கிற்று, சில நாளிலேயே கோளாறு. 50 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2024 ஜூலையில்! பதினைந்து வருஷம்! அவர்களுக்கு வக்கீல் வைக்க வழி இருந்தது, வேறு கார் ஏறவும் வழி இருந்தது. வாடகைக்கு ஓட்டுகிறவன் பதினைந்து வருஷம் எதை ஓட்டுவான்?

என்றாலும் கையில் உள்ள ஆயுதத்தைத் துருப்பிடிக்க விடக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. 2019இல் புதிதாக எழுதப்பட்டு 2020 ஜூலை முதல் அமுலில் இருக்கிறது. டீலர் வக்கீல் முதலில் எடுக்கிற வாதம், “இவர் வாடகைக்கு ஓட்டுகிறார், ஆகையால் வியாபாரி, நுகர்வோர் அல்ல” என்பதாக இருக்கும். பயப்பட வேண்டாம். சுயமாக உழைத்துப் பிழைப்பதற்கென்றே வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டமே சொல்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் விற்ற ஓர் இயந்திரம் பற்றிய வழக்கில் 1995இல் சுப்ரீம் கோர்ட்டு, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ ரிக்ஷா வாங்குகிறவன் நுகர்வோர்தான் என்று உதாரணமே காட்டியிருக்கிறது. ஆனால் நாலு வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் இந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் போய் நிற்க முடியாது.

வழக்கை வாங்கின ஊரில்தான் போட வேண்டும் என்பது இப்போது இல்லை. குடியிருக்கிற, வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே போடலாம், நமக்குக் கடலூர். வக்கீல் கட்டாயமல்ல, தானே நின்று பேசலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது; 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததல்ல. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதலில் புகாரைப் பதிந்துவைப்பதும் நல்லது; பின்னால் சாட்சியாக உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டியை விடும்போதே விழித்திருப்பது. மீட்டர் எண்ணை எழுத வையுங்கள். கார் படத்தில் கீறல் இல்லை என்றால், “இல்லை” என்று எழுத வையுங்கள். நாலு பக்கமும் போனில் படம் பிடியுங்கள். வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புது வண்டி எடுக்கும்போது, டீலர் தருகிற விற்பனைச் சான்றில் எந்த மாதம், எந்த வருஷம் தயாரித்தது என்று இருக்கும். பணம் முழுவதும் கட்டுகிறதற்கு முன்னால் அதைப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கோவாக்காரர் பட்ட பாடு நமக்கு வேண்டாம். இன்ஷூரன்சும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது.

சாவி கொடுக்காத காலை

எங்கள் தோழர் விஷயத்தில் காகிதம் எழுதுவதோடு நாங்கள் நிற்கவில்லை. இந்த வட்டாரத்து வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இருபத்தாறு பேர் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த ஒர்க்ஷாப்புக்குச் சர்வீசுக்கு வந்தார்கள். எல்லாம் முறைப்படி, ஒரு கோஷம் இல்லை, ஒரு கல் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும், “மீட்டர் எண்ணை எழுது, படத்தில் குறி, உன் கையெழுத்தைப் போடு, பிறகுதான் சாவி” என்றார்கள். மதியம் வரை ஒரு வண்டிகூட உள்ளே ஏறவில்லை. கார் வாங்க வந்த நாலு குடும்பங்கள் என்ன ஏதென்று விசாரித்துக்கொண்டு போயின. சாயங்காலம் முதலாளியே போன் செய்தார். ரேடியேட்டரும் விளக்கும் பம்பரும் புதிதாக மாற்றித் தரப்பட்டன. பையனின் வேலை நீக்கம் வாபஸ் ஆயிற்று. சம்பளப் பிடித்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னும் மிச்சமிருப்பது, வண்டி ஓடாமல் கிடந்த முப்பத்தொரு நாளின் வாடகையும், அந்த மாதத் தவணையும், தவணை தவறியதற்குப் பைனான்ஸ் கம்பெனி போட்ட அபராதமும். அதைத் தர மறுக்கிறார்கள். அதற்காகத்தான் கடலூர் கமிஷனில் வழக்கு. முதல் எதிரி டீலர், இரண்டாம் எதிரி கம்பெனி. பையனை எதிரியாகச் சேர்க்கச் சொன்ன யோசனையைத் தோழர் ஒப்பவில்லை, சாட்சியாகச் சேர்த்திருக்கிறார். அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதே முதலாளியிடம் வேலை பார்த்துக்கொண்டு சாட்சி சொல்ல வருவதென்றால் லேசான காரியமா? டீலர் வக்கீல் இரண்டு முறை வாய்தா வாங்கிவிட்டார்.

இதற்கிடையில் அந்த ஒர்க்ஷாப்பின் மெக்கானிக்குகளும் வண்டி கழுவுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களுமாக ஒன்பது பேர், இருட்டிய பிறகு ஒரு நாள் நம் சங்க அலுவலகத்துக்கு வந்து போனார்கள். அங்கே மொத்தமே பதினேழு பேர். வேலை நேரம், ஓவர்டைம், பி.எப். பிடித்தம் செய்தும் கட்டாமல் வைத்திருப்பது என்று எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் பக்கம் போதவில்லை. உறுப்பினர் படிவம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். இது எழுதுகிற வரையில் ஐந்து படிவம் பூர்த்தியாகித் திரும்பி வந்திருக்கிறது.